பார்த்துச் சொல்லுவதும் பயமுறுத்துவதும்
(முதியோர் கல்வி உபாத்தியாயர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு கூடியிருக்கும் உங்களில் பெரும்பாலோர் பகலெல்லாம் ஒரு வேலை பார்த்துவிட்டு, இரவில் வயது வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்கள். உங்களுக்குப் புகழ்மாலை சூட்ட நாம் இங்கு வரவில்லை. புகழ்மாலை வாடிப்போகும்; அதனால் ஒரு எழுத்தும் ஒருவருக்கும் வரப்போவதில்லை. உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய ஒரு விஷயத்தைப் பேசவே வந்திருக்கின்றோம். அதாவது, நாம் சொல்லிக் கொடுப்பதை இன்னொருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பது, பார்த்ததை நமக்குச் சொல்லுவது, அதைக் கேட்டு நாம் திருத்திக் கொள்ளுவது என்பதே இன்றைய விஷயமாகும்.

இது ஏதோ உபாத்தியாயர்களின் சொந்த விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, நம் தமிழ்நாட்டில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100-க்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலோ 100-க்கு 73 பேர்தான். அப்படியானால் நாலு பெண்களில் ஒருவருக்குப் பஸ்ஸின் பெயர்ப் பலகை படிக்கத் தெரியாது. தான் கைநாட்டு வைக்கும் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது. அந்தப் பெண் ஒரு நாள் துணிந்து நம் பள்ளிக்கூடத்து வாசற்படி ஏறி வந்துவிட்டாளானால், அவள் திரும்பிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு நம்முடையதல்லவா?

சொல்லாமல் நின்றுவிடுவார்கள்

சிறுபிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்கும் நம் பள்ளிக்கூடத்திற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிறுபிள்ளைக்குப் பாடம் பிடிக்காவிட்டால் அழும், அடம் பிடிக்கும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். இருந்தாலும் அடுத்த நாள் தாயோ தகப்பனோ கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டுப் போவார்கள். நாற்பது வயதுக்காரரை யார் இழுத்து வருவார்கள்? அவர் அழவும் மாட்டார், சண்டை போடவும் மாட்டார். மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போவார், மறுநாள் வரமாட்டார். கேட்டால், "வேலை சாஸ்திங்க" என்பார். நாமும் அதை நம்பி, "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். குற்றவாளியே நீதிபதியாக உட்கார்ந்தால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நாமே அப்படித் தீர்ப்புச் சொன்னவர்கள்தான். 1990-களில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்த காலத்தில், ஒரு சிற்றூரில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நாமும் பாடம் நடத்தினோம். முதல் வாரத்தில் 24 பேர் வந்தார்கள். இரண்டு மாதத்திற்குள் 13 பேர் ஆகிவிட்டார்கள். நடவுக் காலம் என்றோம், சினிமா என்றோம், குடி என்றோம். நம்மைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் பழி போட்டோம்.

அச்சமயம் பக்கத்து ஊரில் பாடம் நடத்திய ஒரு நண்பர், "ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டார். உள்ளுக்குள் நமக்கு இஷ்டமில்லை. ஆனாலும் கௌரவத்திற்காகச் சரி என்றோம். அவர் வந்து நாற்காலியில் உட்காரவில்லை. கடைசி வரிசையில் பெண்களுக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதம். 40 நிமிஷம் வாயைத் திறக்கவில்லை.

பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு, "இன்றைக்கு எப்படி நடந்ததென்று நினைக்கிறீர்கள்?" என்று நம்மைக் கேட்டார். "நன்றாகத்தான் நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்ததே" என்றோம். அவர் காகிதத்தை விரித்தார். அதில் 13 வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள். நாம் யாரைக் கேள்வி கேட்டோமோ அந்த வட்டத்தில் ஒரு கோடு. மொத்தம் 30 கோடுகள். அவற்றில் 21 கோடுகள் முன்வரிசையில் இருந்த மூன்று பேருடைய வட்டத்தில் இருந்தன. ஐந்து வட்டங்கள் காலியாக இருந்தன. அந்த ஐந்தும் பெண்கள். அதோடு 12 தடவை நாமே கேள்வி கேட்டு, நாமே பதிலும் சொல்லிவிட்டோமாம்!

இன்னொன்றும் எழுதியிருந்தார். நாம் "மந்தம்" என்று முடிவு கட்டியிருந்த ஒரு பாட்டி, புத்தகத்தைக் கை நீளத்திற்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாராம். தோழர்களே, அது மந்தமல்ல, வெள்ளெழுத்து! நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை குறைவது உடம்பின் இயற்கை. ஒரு கண்ணாடி செய்யவேண்டிய காரியத்திற்கு நாம் அந்த அம்மாளின் மூளையைக் குற்றம் சொல்லிக் கொண்டிருந்திருக்கின்றோம்.

நமக்குக் கோபம் வந்தது. ஆனால் காகிதத்தோடு யார் சண்டை போட முடியும்? "நீ மோசமான வாத்தியார்" என்று அவர் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை சொல்லியிருப்போம். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. 30 கோடு, 21 கோடு, 5 வட்டம் என்றுதான் சொன்னார். கணக்குக்கு எதிர்வாதம் கிடையாது.

மறுநாள், நின்றுபோன ஒரு அம்மாளின் வீட்டுக்குப் போனோம். "ஏன் அம்மா வருவதில்லை?" என்று கேட்டோம். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நான் வந்தா என்ன, வராட்டா என்ன தம்பி? ஒரு நாளாவது எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

அன்று இரவு முதல் கடைசி வரிசையிலிருந்து கேட்க ஆரம்பித்தோம். போன 11 பேரும் ஓடி வந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். நாலு பேர் வந்தார்கள். பாக்கி ஏழு பேர் வரவேயில்லை. அந்த ஏழு பேரும் நம்முடைய கணக்கில் எழுதப்பட வேண்டியவர்கள்.

இன்ஸ்பெக்டர் வித்தை

"பார்வையிடுவது என்பது புதிதா? இன்ஸ்பெக்டர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். அதைப் பற்றியும் சொல்லிவிடுவோம்.

இங்கிலாந்தில் 1862-ல், பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு மானியம் கொடுப்பது என்று ஒரு சட்டதிட்டம் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லுவார், எழுதச் சொல்லுவார், கணக்குப் போடச் சொல்லுவார், தவறினால் பணம் குறையும். பலன் என்ன ஆயிற்று? உபாத்தியாயர்கள் ஒரே புத்தகத்தை வருஷம் முழுவதும் உருப்போட வைத்தார்கள். பிள்ளைகள் படிப்பது போல் ஒப்பித்தார்கள். மாத்யூ ஆர்னால்டு என்ற பேர்பெற்ற ஆங்கில எழுத்தாளர் தாமே ஒரு இன்ஸ்பெக்டராக இருந்து இந்த முறையைக் கண்டித்தார். 1890-களில் அதைக் கைவிட்டார்கள். பலனைப் பார்த்து மானியம் கொடுக்கும் இந்த முறை அந்த நூற்றாண்டில் நம் சென்னை மாகாணத்திலும் இருந்ததுதான்.

முறை போனாலும் அதன் வாசனை போகவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் தோரணம் கட்டுவதும், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பதும் நாம் அறியாததா? வந்தவர் ரிஜிஸ்தரைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், காப்பி சாப்பிடுவார், போய்விடுவார். பாடம் எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை இராது.

1978 அக்டோபர் 2-ந் தேதி இந்திய சர்க்கார் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் துவக்கினார்கள். 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்குக் கல்வி கொடுப்பது நோக்கம். ஒரு மையத்துக்குச் சுமார் 30 பேர். ஒரு மேற்பார்வையாளருக்குச் சுமார் 30 மையங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமைகூட இல்லாமல் ஒரு இரவுக்கு ஒரு மையம் என்று அவர் அலைந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவைதான் முகம் காட்டலாம். போன இடத்தில் மண்ணெண்ணெய்க் கணக்கும் வருகைக் கணக்கும் பார்ப்பதற்கே நேரம் சரியாய்ப் போகும். பாடத்தைப் பார்ப்பது எப்போது?

இதற்கு மாறான ஒரு காரியம் கியூபா தேசத்தில் 1961-ல் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளாக இருந்த ஒரு லட்சம் வாலிபர்களும், அவர்களோடு மற்றவர்களுமாகச் சேர்ந்து ஒரே வருஷத்தில் 7 லட்சம் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சி மிகக் கொஞ்சந்தான். ஆனால் பழகிய உபாத்தியாயர்கள் அவர்களுக்குத் துணையாக வைக்கப்பட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் கூட்டம் கூடி, அந்த வாரம் யாருக்கு எந்தப் பாடத்தில் என்ன தடங்கல் வந்தது என்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அதாவது, குற்றம் கண்டுபிடிக்க ஒரு அதிகாரி வருவதற்குப் பதிலாக, கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ள ஒரு இடம் இருந்தது. இதுதான் வித்தியாசம்.

நாம் செய்த குற்றம்

பார்க்கிறவர் எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை, நம்மையே சொல்லலாம். அந்த இயக்கத்தில் பின்னால் சில மையங்களைப் பார்க்கும் வேலை நமக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு ஊரில் பத்தாவது வரை படித்த ஒரு பெண் 12 பேருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'கண்' என்பதை எழுதுகையில் 'கன்' என்று எழுதிவிட்டார். நாம் உடனே எழுந்து போய், அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் திருத்தி எழுதி, "முதலில் நீ கற்றுக்கொள் அம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னோம். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார்.

அடுத்த வாரம் போனோம். கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும் பூட்டியிருந்தது. ஒரு எழுத்தைத் திருத்தி 12 பேருடைய எழுத்தை அழித்துவிட்டோம். எழுத்தைத் திருத்தியது தப்பல்ல, திருத்த வேண்டியதுதான். ஆனால் பாடம் முடிந்த பிறகு தனியாகச் சொல்ல நமக்கு வாய் இல்லையா? நமக்குத் தெரியும் என்று 12 பேருக்குக் காட்டிக்கொள்ளும் ஆசையே அப்படிச் செய்யச் சொல்லிற்று.

இது நம் ஒருவர் அனுபவம் மட்டுமல்ல. 1996-ல் குளூகர், டெனிசி என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள், ஒருவர் வேலையைப் பற்றி அவருக்கே எடுத்துச் சொல்லுவதால் என்ன பலன் என்று அதுவரை நடந்த பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரியில் நன்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சோதனைகளில் சொன்ன பிறகு வேலை முன்னிலும் மோசமாய்ப் போயிருந்தது! பேச்சு, செய்த வேலையை விட்டுவிட்டு ஆளின் மேல் திரும்பத் திரும்ப பலன் கெட்டுப்போகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே "சொன்னால் போதும், திருந்திவிடுவார்கள்" என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். எதைச் சொல்லுவது, எப்படிச் சொல்லுவது என்பதைப் பொறுத்தது.

எப்படிப் பார்ப்பது?

நம் அனுபவத்தில் கண்ட முறையைச் சொல்லுகின்றோம். பிரமாதமான தந்திரம் ஒன்றுமில்லை.

முதலாவது, போவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். "இன்று எதைப் பார்க்கட்டும்?" என்று உபாத்தியாயரையே கேளுங்கள். "பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் புரிகிறதா என்று பாருங்கள்" என்று அவர் சொல்லலாம். அவர் கேட்டதைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், நீங்கள் வேவுகாரர் அல்ல, ஒத்தாசைக்காரர்.

இரண்டாவது, படிக்க வருகிறவர்களோடு உட்காருங்கள். பலகை அங்கிருந்து தெரிகிறதா, விளக்கு வெளிச்சம் எட்டுகிறதா, எழுதுகிறவர் எழுதியதை மறைத்துக்கொண்டு நிற்கிறாரா என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

மூன்றாவது, கண்டதை மட்டும் எழுதுங்கள். "பாடத்தில் உயிரில்லை" என்பது அபிப்பிராயம். "40 நிமிஷத்தில் 25 நிமிஷம் பலகையைப் பார்த்து எழுதினார்கள், ஒருவரும் வாய் திறந்து படிக்கவில்லை" என்பது கண்டது. அபிப்பிராயம் சொன்னால் சண்டை வரும், கண்டதைச் சொன்னால் யோசனை வரும். யார் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் பிளாண்டர்ஸ் என்பவர் பல வகுப்புகளை இப்படி எண்ணிப் பார்த்து, வகுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் பேச்சு என்றும், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு உபாத்தியாயர் பேச்சு என்றும் கண்டார். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்றும் எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அம்மையார் பிள்ளைகளின் விஞ்ஞான வகுப்புகளில் இதை அளந்து, 1974-ல் ஒரு முடிவு வெளியிட்டார்: சராசரி ஒரு செகண்டுதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று செகண்டாக்கினால் பதில்கள் நீளுகின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகின்றன. பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து, 'பட்டா' என்ற வார்த்தையில் 'ப' எது 'ட்' எது என்று தேடும் ஒரு அம்மாளுக்கு மூன்று செகண்டு கொடுக்க நமக்கு மனம் வரவேண்டாமா?

நாலாவது, அன்றே தனியாகப் பேசுங்கள். முதலில் அவர் பேசட்டும். பிறகு காகிதத்தைக் காட்டுங்கள். நன்றாக நடந்ததையும் அப்படியே குறிப்பாகச் சொல்லுங்கள். "ரொம்ப நன்றாயிருந்தது" என்பது உபசாரம். "அந்தப் பெரியவர் தப்பாகப் படித்தபோது நீங்கள் திருத்தாமல் மறுபடி படிக்கச் சொன்னீர்கள், அவரே திருத்திக்கொண்டார்" என்பது பாடம். கடைசியில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பத்துக் குற்றம் சொன்னால் ஒன்றும் நடக்காது.

ஐந்தாவது, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள். இதுதான் எல்லோரும் விட்டுவிடுகிற காரியம். திரும்பப் போகாதவன் சொன்ன யோசனை, விலாசம் எழுதாத கடிதம்.

சில ஆட்சேபணைகள்

"சம்பளமில்லாமல் வருகிறவரைக் குறை சொல்லலாமா?" என்கிறார்கள். 2022 முதல் 2027 வரை என்று வகுக்கப்பட்டிருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தொண்டர்களை நம்பியதுதான். அதனால்தான் சொல்லுகின்றோம்: சம்பளம் வாங்குகிறவர் கஷ்டம் வந்தாலும் தாங்கிக்கொண்டு இருப்பார். தொண்டரோ, தன் பாடம் பலிக்கவில்லை என்று கண்டால் மனமுடைந்து போய்விடுவார். அவருக்கே முதலில் ஒத்தாசை வேண்டும்.

"பார்ப்பதற்கு ஆள் எங்கே?" என்கிறார்கள். இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். நீங்கள் ஒரு இரவு அவர் ஊருக்குப் போங்கள், அவர் ஒரு இரவு உங்கள் ஊருக்கு வரட்டும். இன்று நீ பார், நாளை நான் பார்க்கிறேன் என்றால் இதில் மேல் ஏது, கீழ் ஏது?

"வாத்தியாரைக் கேள்வி கேட்கலாமா? மாணாக்கர் முன் மரியாதை என்னாவது?" என்பது மூன்றாவது. குருவைக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை பேரை எழுத்தின் பக்கமே வராமல் வைத்திருந்தார்கள். அந்தப் பீடத்தில் நாமும் ஏறி உட்காருவதானால் விளக்கும் பலகையும் எதற்கு? நாம் நடத்திய அந்தப் பள்ளியில் பின்னால் ஒரு வழக்கம் வைத்தோம். மாதக் கடைசியில், "எந்தப் பாடம் விளங்கவில்லை?" என்று படிக்க வந்தவர்களையே கேட்டோம். முதல் மாதம் எல்லோரும் மரியாதைக்காக, "எல்லாம் விளங்குதுங்க" என்றார்கள். மூன்றாவது மாதம் அந்த வெள்ளெழுத்துப் பாட்டி, இரவல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீ ரொம்ப வேகமாப் பேசுறே தம்பி" என்றார். அன்று நமக்குப் போன மரியாதை ஒன்றுமில்லை. வந்ததுதான் அதிகம்.

ஆகவே தோழர்களே! கலைந்து போவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுகின்றோம். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரோடு பேசி, இந்த மாதத்தில் எந்த இரவு யார் யார் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று நாள் குறித்துக்கொண்டு போங்கள். கையில் ஒரு காகிதமும் பென்சிலும் போதும். வகுப்பில் எத்தனை பேர் உண்டோ அத்தனை வட்டம் போடுங்கள். காலியாக நிற்கும் வட்டம் எது என்று பாருங்கள். அந்த வட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவர் நின்றுவிடுவதற்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நமது வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகின்றோம்.